பழைய பிக்கப் வண்டி இடைவழியில் நின்றுபோதல்

மரக்கறிச் செய்கையாளர் சிலரிடம் காபரேற்றர் பொருத்திய பழைய பெற்றோல் பிக்கப் வண்டிகள் இன்றும் உள. அதிகாலையில் வீட்டில் ஒரே முயற்சியில் இயங்கும் இவ்வண்டி, கீரையும் கத்தரியும் ஏற்றிச் சில மைல் சென்றபின் நின்றுவிடும். கால் மணி நேரம் கழிந்ததும் ஒன்றும் நடவாததுபோல் மீண்டும் ஓடும். கராஜுக்குக் கொண்டுசென்றால் அங்கே பழுது எதுவும் தென்படாது. சந்தை கூடும் வேளை தவறினால் வாடிய கீரையை வாங்குவாரில்லை; புகையிரதக் கடவையில் நின்றால் உயிருக்கே ஆபத்து.

இப்பழுதை அறிய ஏற்ற இடம் வண்டி நின்ற இடமே. ஏற்ற நேரம் நின்ற முதற் சில நிமிடங்களே. வண்டியைத் தெருவோரம் தள்ளிச் சில்லுக்குக் கல் வைத்தபின், சுவிச்சை அணைத்தல் வேண்டும். அணையாது விட்டால் கொயில் மேலும் சூடேறும். ஸ்ராட்டரை ஓயாது சுழற்றுவதால் பற்றரி இறங்குவதே பயன்.

வண்டி எவ்வாறு நின்றது என்பதை முதலில் நினைவுகூர வேண்டும். இரண்டு மூன்று முறை இழுத்து விக்கி வலுக்குறைந்து நின்றிருந்தால், பெரும்பாலும் பெற்றோல் வரத்திலேயே குறை. விளக்கை ஊதி அணைத்தாற்போல் சட்டென நின்றிருந்தால், மின்சாரப் பகுதியை ஐயுற வேண்டும்.

பெற்றோல் குறையெனத் தோன்றினால், தாங்கியின் மூடியைத் திறக்க வேண்டும். ‘உஸ்’ எனக் காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டால், மூடியிலுள்ள நுண்துளை அடைபட்டுள்ளது. பெற்றோல் குறையக் குறைய அவ்விடத்தை நிரப்பக் காற்றுப் புகாமையால், பம்பினால் இழுக்க முடியாது போகும். சிறிது நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து புகவே வண்டி மீண்டும் ஓடும். புதுப் பம்பு வாங்குமுன் மூடியைத் திறந்து பார்ப்பதற்குச் செலவில்லை.

தாங்கியில் உதிரும் துருவும் இதே குணத்தைக் காட்டும். துருச் செதில் குழாய் வாயில் ஒட்டி வழியை மறிக்கும். எஞ்சின் நின்றதும் விழுந்துவிடும். 2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டில் வெறுந் தாங்கியுடன் கிடந்த வண்டிகளிலும், கலன்களில் பல வாரம் வைத்த பெற்றோலை ஊற்றிய வண்டிகளிலும் துருவோ பசைப்படிவோ சேர்ந்திருக்க இடமுண்டு. அத்தகைய தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் காபரேற்றரை மட்டும் துப்புரவாக்குவது வீண்வேலை.

நண்பகல் வெயிலில் மட்டும் நின்றால், புகைபோக்கியின் அருகே செல்லும் பெற்றோல் குழாயில் ஆவி அடைத்திருத்தல் கூடும். ஈரத்துணியைப் பம்பிலும் குழாயிலும் சுற்றலாம்; சூடான புகைபோக்கியில் நீர் படலாகாது, வெடிக்கும். சந்தியில் வேகம் தணிக்கும்போது மட்டும் நிற்பதாயின், மெதுவோட்டத்துக்குரிய சிறுதுளை அடைபட்டிருக்கும், அல்லது காபரேற்றரின் அடியில் காற்றுக் கசியும்.

மின்சாரப் பகுதியைச் சோதிக்க மேலதிக பிளக் ஒன்று போதும். பெற்றோல் மணமோ கசிவோ இருப்பின் இச்சோதனை கூடவே கூடாது. ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி மேலதிக பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடல் எஞ்சினில் படும்படி வைத்து, கையால் தொடாமல், இன்னொருவரைக் கொண்டு ஸ்ராட்டரைச் சுழற்றுவிக்க வேண்டும். நீலப்பொறி பளிச்சென வந்தால் மின்சாரத்தில் குறையில்லை. பொறியே இல்லாமல், எஞ்சின் ஆறியபின் வருமாயின், கொயிலோ கொண்டென்சரோ சூட்டில் கெடுகின்றது. கொண்டென்சர் மலிவானது, பொயின்ற் முகங்கள் கருகிக் குழிந்திருந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்றுவது நன்று. ஒஸ்ரின் ஏ40 போன்ற வண்டிகளில் பொயின்ற் இடைவெளி ஏறத்தாழ 0.015 அங்குலம்.

பலரும் காணத் தவறுவது டிஸ்ரிபியூற்றருக்குள் உள்ள சிறு வயரை. அதனுள்ளே தகடு அசைந்து அசைந்து, மேலுறை முழுதாயிருக்க உட்கம்பி மட்டும் அறுந்திருக்கும். விரலால் மெல்ல இழுத்தால் இறப்பர்போல் நீளும், அதுவே அடையாளம்.

வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் எத்தனை மைல் ஓடியது, வெயிலா மழையா, தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தது, எத்தனை நிமிடத்தில் மீண்டும் ஓடியது என்பவற்றை ஒரு கொப்பியில் குறித்துத் திருத்துநரிடம் காட்டுதல் வேண்டும். பெற்றோல் அரைத் தாங்கிக்குக் குறைந்தபோது மட்டும் வண்டி நிற்பது அக்குறிப்பில் தெரிந்தால், அவர் கொயிலைத் தொடாமல் தாங்கியைக் கழற்றுவார்.