பழைய நிலப்படங்களும் புதிய படிகளும்

மனிதர்க்கு மூப்பு உண்டு என்பதை நாம் அறிவோம். தாளுக்கும் மூப்பு உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நூறாண்டு, இருநூறாண்டு கண்ட நிலப்படங்களையும் ஆவணங்களையும் கணினியில் ஏற்றிக் காக்கும் பணிக்கு மின்னுருவாக்கம் என்று பெயர். வேதியியல் மாணவன் என்ற முறையில், அப்பணியின் தேவையையும் முறையையும் இங்கே விளக்க முயல்கின்றேன். கொல்கத்தாவில் தங்கிக் கற்பவர்கள் நாம். ஆதலால் எடுத்துக்காட்டையும் வங்கத்திலிருந்தே கொள்வோம்.

ஆற்றுக்குச் சாட்சி

ஜேம்ஸ் ரென்னல் என்பார் 1767-இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார். அவருடைய வங்காள நிலப்படத் தொகுதி 1779-இல் முதன்முதலாக வெளிவந்தது. அதில் தீஸ்தா ஆறு தெற்கு நோக்கி ஓடிக் கங்கையோடு சேர்கின்றது. இன்றோ அது பிரம்மபுத்திராவில் கலக்கின்றது. 1787-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அதன் போக்கையே மாற்றிவிட்டது. வெள்ளத்திற்கு முன் அளந்து வரைந்த படம் எஞ்சியிருப்பதால் அன்றோ, பழைய போக்கை இன்று நாம் கண்ணால் காண்கின்றோம்!

அச்சான படத்திற்குப் பல படிகள் உண்டு. ஒன்று அழிந்தாலும் மற்றொன்று இருக்கும். கையால் வரைந்த அளவைப் படத்திற்கோ ஒரே படிதான். அது மடிந்தால் அந்தச் சாட்சியும் மடிந்தது.

தாளைத் தின்னும் மை

பழைய ஆவணங்கள் பல, மாசிக்காயையும் அன்னபேதியையும் சேர்த்துச் செய்த மையால் எழுதப்பட்டவை. அன்னபேதி என்பது இரும்பின் சல்பேட்டு. மை செய்யும்போதே அதில் கந்தக அமிலம் பிறக்கின்றது. தாளின் உயிர்நாடி செல்லுலோசு என்னும் நீண்ட சங்கிலி. அமிலம் அச்சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டுகின்றது. மையில் மிஞ்சிய இரும்போ, காற்றிலுள்ள ஆக்சிஜன் அதனைத் தாக்குவதை விரைவுபடுத்துகின்றது. முடிவில் எழுத்து இருந்த இடம் உதிர்ந்து, வெற்றிடம் மட்டும் தாளாக நிற்கும். நிலப்படத்தில் செம்பிலிருந்து செய்த பச்சை வண்ணம் பூசிய வயலும் காடும் இவ்வாறே பழுத்து உடைவதுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் படிகாரமும் மரப்பிசினும் இட்டுத் தாள் செய்யும் வழக்கம் பரவியது. அந்தப் படிகாரமும் அமிலத்தையே தருகின்றது. ஆதலின் முந்நூறாண்டுத் தாள் வெண்மையாக இருக்க, நூறாண்டுத் தாள் அப்பளம்போல் நொறுங்குவதைக் கண்டு வியக்க வேண்டுவதில்லை.

எத்தனை புள்ளி வேண்டும்?

இத்தகைய தாளை உருளைகளுக்கிடையே இழுக்கும் வருடியில் இடுதல் ஆகாது. மேசைமேல் கிடத்தி, மேலிருந்து படம் எடுத்தலே தக்கது. சுருண்டு இறுகிய படத்தை வலிந்து விரித்தால் முறியும். ஈரப்பதத்தைச் சிறிது சிறிதாக ஏற்றி இளக வைத்த பின்னரே, பயிற்சி பெற்றவர் விரிக்க வேண்டும்.

இனிச் சிறு கணக்கு ஒன்று. நிலப்படத்தில் நுண்ணிய கோடு 0.1 மில்லிமீட்டர் அகலம் எனக் கொள்வோம். அங்குலத்திற்கு 300 புள்ளி என்று எடுத்தால், ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய 0.085 மில்லிமீட்டர். கோட்டிற்கு ஒரு புள்ளியே வாய்க்கும். இரு கோடுகள் நெருங்கினால் ஒன்றாகிவிடும். 600 புள்ளி என்றால் கோட்டிற்கு இரண்டு புள்ளி கிட்டும். ஒரு மீட்டர் நீளமும் 70 செ.மீ. அகலமும் உள்ள படத்திற்கு இது ஏறக்குறைய 39 கோடிப் புள்ளி. புள்ளிக்கு 3 பைட்டு வீதம் 117 கோடி பைட்டு. இடம் மிகுதியாகின்றதே என்று சுருக்கிவிட்டால் இழந்த நுட்பம் மீளாது. சுருக்காத படியைக் காப்புக்கும், சுருக்கிய படியைப் பார்வைக்கும் வைப்பதே முறை.

தாள் ஈரத்தால் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக நீள்வதில்லை. ஆகவே படத்தின் இரு பக்கங்களிலும் அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். வண்ண அட்டையும் உடன் வேண்டும். பச்சை வயலா, நீல நீரா என்ற ஐயம் பின்னர் எழலாகாது.

பெயரில்லாப் படம்

எடுத்த படத்திற்கு இடம், ஆண்டு, வரைந்தவர், அளவுவிகிதம், மூலம் இருக்கும் அலமாரி எண் ஆகியவற்றைக் குறிக்காவிடில் அது கடலில் இட்ட ஊசியே. படிகள் மூன்று வேண்டும். அவற்றுள் ஒன்று வேறு ஊரில் இருத்தல் நலம். கணினித் தட்டும் அழியும் பொருளே ஆதலால், ஆண்டுதோறும் சரிபார்த்துப் புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும்.

மூலம் எதற்கு?

"கணினியில் ஏறிவிட்டதே, இனி இந்தக் குப்பை எதற்கு?" என்று கேட்பவர் உளர். இதுவே நான் அஞ்சும் கேள்வி. புகைக்கரி மை அகச்சிவப்பு ஒளியிலும் கருமையாகவே தோன்றும். இரும்பு மையோ மங்கி மறையும். ஆகவே, நம் கண்ணுக்கு ஒரே கருமையாகத் தெரியும் கோடுகளுள் எது முதலில் வரைந்தது, எது பின்னர்த் திருத்தியது என்பதைப் பிரித்தறிய இவ்வொளி துணை செய்யும். சாதாரண ஒளியில் எடுத்த படியில் இதனைத் தேட இயலாது. நாளை வரும் கருவி எதைக் கேட்கும் என்பதை இன்று யார் அறிவார்? படி எடுப்பது மூலத்திற்கு ஓய்வு கொடுக்கவே. விடை கொடுக்க அன்று. ஆயிரம் பேர் படியைப் பார்த்தால், ஆயிரம் கைகள் மூலத்தைத் தொடாமல் இருக்கும்.

விடுமுறையில் ஊர் செல்லும் தோழர்களே! உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பழைய பத்திரங்களும் பாட்டனார் கடிதங்களும் இருக்கலாம். கிழிந்த இடத்தில் ஒட்டு நாடா ஒட்டாதீர்கள். அதன் பசை தாளைக் கறைப்படுத்தும். கடையில் கொடுத்துச் சூட்டால் பிளாஸ்டிக் உறையிடாதீர்கள்; பின்னர் அதைப் பிரித்தெடுத்தல் அரிது. சன்னலருகே நேர்வெயில் படாமல் கிடத்தி, அளவுகோல் ஒன்றை வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். ஊரும் ஆண்டும் எழுதி வையுங்கள். பொருள் விளங்காத இடங்களைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். பின்னர் மூலத்தை மடிக்காமல், ஈரமும் பூச்சியும் அணுகாத இடத்தில் வையுங்கள். ஒரு பிற்பகல் போதும்.