கரியும் கதிரவனும்: மாணவர் விஞ்ஞானம் பற்றிய ஒரு நோக்கு

விஞ்ஞானம் என்றவுடன் கண்ணாடிக் குழாய்களும் விலையுயர்ந்த கருவிகளும் நிறைந்த ஆய்வுகூடமே நம்மிற் பலரின் மனக்கண்முன் தோன்றுகின்றது. அவை போதிய அளவில் வாய்க்காத வன்னிப் பாடசாலைகளின் மாணாக்கருக்கு ஆராய்ச்சி எட்டாக்கனி என்று எண்ணுவோரும் உளர். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைத் திருவண்ணாமலை மாணவி ஒருவரின் முயற்சியைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

வினிஷா உமாசங்கர் என்னும் அம்மாணவியின் ஆராய்ச்சி தெருவிலேயே தொடங்கிற்று. தள்ளுவண்டியில் ஆடை மினுக்கும் தொழிலாளர், இஸ்திரிக்கைப் பெட்டியில் எரிந்து தீர்ந்த கரியைக் கொட்டுவதை அவர் கண்டார். நாள்தோறும் பலர் கண்டு கடந்து சென்ற காட்சியே அது. அவரோ, வண்டி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 கிலோ கரி செலவாகின்றது என்று கணக்கிட்டார். மாதத்தில் 25 நாள் தொழில் நடப்பதாகக் கொண்டால், ஓராண்டுக்கு 1500 கிலோ ஆகும். மரபுவழிச் சூளையில் 1 கிலோ கரி பெறுவதற்கு 5 கிலோ விறகாவது வேண்டுமாதலால், வண்டி ஒன்று ஆண்டுதோறும் 7500 கிலோ விறகை விழுங்குகின்றது. புகையை நுகரும் தொழிலாளியின் நெஞ்சுக்கு நேரும் கேடு இதற்குப் புறம்பானது.

கரிக்கு மாற்றாக அவர் கதிரவனை நாடினார். வண்டியின் கூரையிற் பதித்த சூரியத் தகடுகள் மின்கலத்தை நிரப்ப, அம்மின்சாரம் இஸ்திரிக்கைப் பெட்டியைச் சூடாக்கும். நல்ல வெயிலில் 5 மணிநேரம் நின்றால் 6 மணிநேரம் தொழில் செய்யலாம் என்பது இவ்வண்டி பற்றிய கூற்று. மழைக்காலத்தில் முன்னரே நிரப்பிய மின்கலம் கைகொடுக்கும். கைத்தொலைபேசிகளுக்கு மின்னூட்டிக் கொடுத்துத் தொழிலாளி சிறிது மேல்வருவாய் பெறவும் இதில் வழியுண்டு. இம்முயற்சிக்கு 2020ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டுச் சிறுவர் காலநிலைப் பரிசு கிடைத்தது. 2021 நவம்பரில், கிளாஸ்கோ நகரிற் கூடிய உலகக் காலநிலை மாநாட்டில், தமது 15ஆம் வயதில் அவர் உரையாற்றினார்.

பாராட்டியதோடு நின்றுவிடாது, உயர்வகுப்பு மாணாக்கர் இங்கு ஒரு கணக்கையும் செய்து பார்த்தல் வேண்டும். கூரையின் பரப்பு 2 சதுர மீற்றர் என வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 1000 உவாற்று விழுகின்றது. தகடு அதில் ஐந்திலொரு பங்கை மின்சாரமாக்கினால் 400 உவாற்று கிடைக்கும். 5 மணிநேரத்தில் அது 2 அலகு மின்சாரம். நம் வீடுகளிலுள்ள 1000 உவாற்றுப் பெட்டியை இடைவிடாது இயக்கினால் அது 2 மணிநேரத்திலேயே தீர்ந்துவிடும். ஆகவே, 6 மணிநேரம் தொழில் நடத்த வேண்டுமாயின் பெட்டி சராசரியாக 330 உவாற்றுக்கு மேற்படாது மின்சாரத்தை நுகர வேண்டும். கூரையை அகலமாக்குவதா, பெட்டியைச் சிக்கனமாக்குவதா? எம் கருத்தில் இவ்வினாவே பரிசிலும் பெரிது. மின்கலத்தின் விலையும், அது பழுதானபின் அதனை எங்கே போடுவது என்பதும் இன்னும் தீர்க்க வேண்டியனவே. அன்றாடங் கூலி பெறுபவர் பிறர் உதவியின்றி இத்தகைய வண்டியை வாங்குதல் அரிது.

இல்லாமையிலிருந்து கருவி பிறத்தல் வன்னிக்குப் புதிதன்று. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமின்றி இருந்த நம்மவர், துவிச்சக்கரவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலின் அடியிற் பஞ்சிட்டு, சிறிதளவே மண்ணெண்ணெய் வார்த்து ஏற்றிய விளக்கிற் படித்துப் பரீட்சை எழுதிய பழைய மாணவர் இம்மலரைக் கையில் ஏந்தியிருப்பர். கட்டணம் செலுத்த இயலாது பள்ளியை விட்ட மலாவி நாட்டுச் சிறுவன் வில்லியம் கம்குவாம்பா, நூலகப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் காற்றாலை அமைத்து வீட்டிற்கு விளக்கேற்றியதும் இத்தகைய ஒரு தைனமோவைக் கொண்டே. அவன் பெயரை உலகம் அறிந்தது. போத்தல் விளக்கை முதன்முதற் செய்தவரின் பெயரை நாம் எழுதி வைக்கவில்லை.

இன்று நம் மாணாக்கர் முன்னுள்ள பொருள் கரியன்று, கிணற்று நீரே. வவுனியாப் பகுதியின் கிணறுகள் சிலவற்றிற் புளோரைட்டு மிகுந்துள்ளது. குடிநீரில் இலீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தல் ஆகாதென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. மிகுந்தாற் பிள்ளைகளின் பற்களிற் கபில நிறக் கறை படியும். மேலும் மிகுந்தால் எலும்பையும் தாக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் இது நீங்கும் என்று நம்புவது தவறு. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். ஓரிடத்துக் கிணறு நல்லதாயிருக்க, அயற்கிணறு தீயதாயிருத்தலும் உண்டு. ஆதலின் கிணறு கிணறாகவே ஆராய்தல் வேண்டும்.

புளோரைட்டை அளக்கும் கருவி பாடசாலையில் இல்லாதிருக்கலாம். ஆயினும், கிணற்றின் ஆழத்தையும், மாரியிலும் கோடையிலும் நீர்மட்டம் நிற்கும் அளவையும் குறிக்கக் கயிறும் அளவுநாடாவும் போதும். பத்து மாணாக்கர் தத்தம் வீட்டுக் கிணற்றை மாதம் ஒருமுறை அளந்தால் ஓராண்டில் 120 குறிப்புகள் சேரும். அக்குறிப்புகளுடன் நீர் மாதிரிகளையும் எடுத்துக்கொண்டு வவுனியாப் பல்கலைக்கழகத்தாரையோ நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையாரையோ அணுகிச் சோதித்துத் தருமாறு வேண்டலாம். சோதனைக்குக் கட்டணம் கேட்கப்படின், அதனைப் பழைய மாணவர் ஏற்றுக்கொள்வது இவ்விழாவை ஒட்டிச் செய்யத்தக்க பணியாகும். முதற் குறிப்பைக் கல்லூரி வளவிலுள்ள கிணற்றிலேயே எடுக்கலாம்.