கூரை வேய ஆள் பிடிக்கும்போது

ஐப்பசி அடைமழையில் கொட்டகை ஒழுகினால் விதை நெல் போச்சு. அப்போது கூரை வேய ஆள் தேடினால் கிடைக்காது. திருவண்ணாமலைப் பக்கம் இருக்கும் நாம் ஆனியிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

போன தடவை வேய்ந்த பனை ஓலை 2 வருஷத்திலேயே மக்கிவிட்டது. ஓலைதான் மட்டம் என்று நினைத்திருந்தேன். இந்த முறை வந்த மேஸ்திரி உடனே விலை சொல்லவில்லை. மேலே ஏறி, மூங்கில் வரிச்சைத் தட்டிப் பார்த்தார். "ஓலைய குத்தம் சொல்லாதீங்க சார். சரிவு பத்தல, தண்ணி நிக்குது" என்றார். ஓலைக் கூரைக்கு 45 டிகிரியாவது சரிவு வேண்டும். முகட்டை உயர்த்தி, உளுத்த மூங்கிலை மட்டும் மாற்றினார். எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

வங்கியில் வீட்டுக்கடனை மொத்தமாகக் கொடுக்க மாட்டோம்; வேலை ஏற ஏறத்தான் பணம். இங்கும் அதே கணக்குதான். ஓலை வந்து இறங்கியதும் ஒரு பங்கு, வரிச்சு கட்டியதும் ஒரு பங்கு, வேய்ந்து முடித்ததும் ஒரு பங்கு. சிறு தொகை மட்டும் முதல் மழைக்குப் பிறகு. இதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். ஆட்களின் கூலியை அன்றன்றே கொடுத்தேன். அதில் பாக்கி வைக்கக் கூடாது.

முதல் மழைக்கு மறுநாள் கூப்பிடாமலே வந்தார். முகட்டில் ஓரிடத்தில் கசிவு. 2 ஓலை செருகிக் கட்டிய பிறகுதான் டீ குடித்தார்.

விலை சொல்லும் முன் கூரை மேல் ஏறிப் பார்ப்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.