புகார் எடுக்கவில்லையா? சிலமலையிலிருந்து மதுரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தேனி மாவட்டச் சிலமலையில் குடியிருந்து, விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, சாந்தம்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொழுது சாய இறங்குகிறவர்கள், தினமும் இரண்டு போலீஸ் துறைகளின் எல்லையைத் தாண்டுகிறார்கள். அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை காவல்துறையை மாநிலப் பட்டியலில் வைத்திருப்பதே காரணம். மெட்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டுப் போலீஸ், அந்தப் பக்கம் கேரளப் போலீஸ். குற்றச் சட்டம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். போலீஸையே கேள்வி கேட்கும் ஏற்பாடுதான் வேறு. அந்த வேறுபாட்டுக்கு ஐந்தாம் படியில் வருகிறேன். முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம்.

முதல் படி: இரண்டு ஏணிகள்

ஒன்று போலீஸ் ஏணி. போடி தாலுகா ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர், போடி டி.எஸ்.பி., தேனி எஸ்.பி., திண்டுக்கல் சரக டி.ஐ.ஜி., மதுரையில் தென்மண்டல ஐ.ஜி., சென்னையில் டி.ஜி.பி. அதற்கும் மேலே உள்துறைச் செயலாளரும் அமைச்சரும். இன்னொன்று வருவாய்த்துறை ஏணி. வி.ஏ.ஓ., போடி தாசில்தார், உத்தமபாளையம் ஆர்.டி.ஓ., கலெக்டர்.

ஒரு காலத்தில் இவை ஒரே ஏணியாக இருந்தன. வரி வாங்கிய தாசில்தார் கையிலேயே போலீஸ் அதிகாரமும் இருந்தது. வரி பாக்கிக்காக ரயத்துகள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855-இல் சென்னை மாகாணத்தின் சித்திரவதை விசாரணைக் குழு அம்பலப்படுத்தியது. அதன் பிறகு, 1859-இன் 24-ஆம் சட்டம் போலீஸைத் தனித் துறையாகப் பிரித்தது. அந்தப் பிரிவினைதான் இன்று நமக்கு இன்னொரு கதவைத் தந்திருக்கிறது: ஒரு ஏணியில் அநியாயம் நடந்தால் மற்ற ஏணியில் போய்ச் சொல்லலாம்.

இரண்டாம் படி: வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இருக்கிறது. அதன் 173-ஆம் பிரிவை எண்ணோடு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அது. இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். தோட்டத்தில் ஒரு பெண்ணிடம் யாரோ அத்துமீறினால், அவர் சாந்தம்பாறை ஸ்டேஷனைத் தேடி மறுபடி மலை ஏற வேண்டியதில்லை. போடியிலேயே கொடுக்கலாம், எண்ணிட்டு அங்கே அனுப்புவது போலீஸின் வேலை.

மனு ரசீதும் எஃப்.ஐ.ஆரும் ஒன்றல்ல. சி.எஸ்.ஆர். ரசீது உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே சாட்சி. பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது மனுவிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதல்கட்ட விசாரணை நடத்தலாம். எஃப்.ஐ.ஆர். நகலுக்குக் காசு கிடையாது. கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: எஸ்.பி.க்குத் தபால், பிறகு கோர்ட்

ஸ்டேஷனில் மறுத்தால் அதே புகாரை ஒப்புகையுடன் தேனி எஸ்.பி.க்கு அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால், 175(3) பிரிவின்கீழ் உறுதிமொழிப் பத்திரம் சேர்த்து நீதித்துறை நடுவரிடம் மனுப் போடலாம். எஸ்.பி.க்கு அனுப்பிய ஒப்புகை இல்லாமல் அங்கே போனால் மனு தடுமாறும். வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். இலவச சட்ட உதவியை உறுதி செய்யும் கடமையை அரசியலமைப்பின் 39ஏ பிரிவு அரசுக்கு விதித்திருக்கிறது.

நான்காம் படி: ஆளைப் பிடித்துக்கொண்டு போனால்

கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் முன் நிறுத்த வேண்டும். இது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. நிறுத்தும்போது நடுவரிடம் காயத்தைக் காட்டிப் பேசச் சொல்லுங்கள். பயத்தில் பலர் அந்த ஒரு நிமிடத்தை விட்டுவிடுகிறார்கள். ஸ்டேஷன் முழுவதும் சிசிடிவி வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அதனால் பதிவைப் பாதுகாக்கும்படி உடனே எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது ஏணியின் பலம் இங்கேதான் தெரியும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் அடித்து இறந்தபோது, விசாரிக்கப் போன நடுவருக்கே ஸ்டேஷனில் ஒத்துழைப்பு இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட, வருவாய்த்துறையினர் அந்த ஸ்டேஷனைத் தங்கள் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்கள். 2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்குப் பிடித்துப் போனவர்களின் பல்லைப் போலீஸ் பிடுங்கியதாகப் புகார் வந்தபோதும் முதலில் விசாரித்தவர் சேரன்மாதேவி சார் ஆட்சியர். எனவே கலெக்டருக்கும் ஆர்.டி.ஓ.வுக்கும் ஒரு நகல் கட்டாயம் போகட்டும். கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனு நாள் நிலப் பட்டாவுக்கு மட்டுமானதல்ல.

ஐந்தாம் படி: புகார் ஆணையம்

பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி ஆணையம் வேண்டும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்றது. கேரளம் 2011 போலீஸ் சட்டத்தில் அப்படியே செய்தது: மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. தமிழ்நாட்டின் 2013 சட்டம் வேறு வழி போனது. மாவட்டத்தில் தலைவர் கலெக்டர், உறுப்பினர்கள் எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும்.

ஒரே தொழிலாளிக்கு மெட்டுக்கு மேலே நீதிபதி, கீழே கலெக்டரும் எஸ்.பி.யும். தன் கீழ் வேலை செய்யும் இன்ஸ்பெக்டர் மீதான புகாரை எஸ்.பி.யே உட்கார்ந்து கேட்பது எனக்கு ஏற்கத்தக்கதாகப் படவில்லை. சட்டம் திருத்தப்பட வேண்டும். அதுவரை இந்தக் கதவையும் தட்டுங்கள், ஆனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

ஆறாம் படி: மாவட்டத்துக்கு வெளியே

மாநில மனித உரிமை ஆணையத்துக்குச் சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். வக்கீல் தேவையில்லை. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. எல்லாம் அடைபட்டால் 226-ஆம் பிரிவின்கீழ் மதுரைக் கிளையில் ரிட் மனு. போகும்போது பையில் இருக்க வேண்டியவை: புகார் நகல், சி.எஸ்.ஆர். ரசீது, எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் அனுப்பிய தபால் ஒப்புகைகள், காயம் இருந்தால் அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு. தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஜெராக்ஸ்.