‘அம்மாவுக்குத்தான் ஒன்றும் ஞாபகமில்லையே!’

முதுமை மறதி நோய் வந்த தாயைப் பராமரிக்கும் மகளிடம், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியானாலும் கிள்ளான் தரைவீடானாலும், உறவினர்கள் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு: “அவங்களுக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்லையே, நீ போனா என்ன, போகாட்டி என்ன?” ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால் ஞாபகம் போனால் மனசும் போய்விட்டது என்ற தப்புக்கணக்கு அதற்குள் இருக்கிறது. 2018 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா என்னும் இந்த நோய் இருக்கக்கூடும். ஏறக்குறைய பன்னிரண்டு பேரில் ஒருவர். இத்தனை வீடுகளில் புழங்கும் கணக்கைச் சரிபார்த்துத்தான் ஆகவேண்டும்.

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோய் வந்த 17 பேருக்குச் சோகமான படக்காட்சிகளையும், தனியே மகிழ்ச்சியான காட்சிகளையும் போட்டுக் காட்டினார்கள். முடிவுகள் 2014இல் வெளிவந்தன. சில நிமிடங்களிலேயே பார்த்தவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கு மறந்துவிட்டது. ஆனால் அவை எழுப்பிய துக்கமும் சந்தோஷமும் அரை மணி நேரம் வரைகூட நீடித்தன. யாருக்குக் காட்சி குறைவாக நினைவிருந்ததோ, அவருக்குத்தான் சோகம் அதிக நேரம் தங்கியது. பதினேழு பேரை வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்டால், நியாயமான கேள்விதான். ஆனால் மூளையில் புதிய நிகழ்வுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் சேதமடைந்தவர்களிடமும் 2010இல் இதே போக்கு காணப்பட்டது. அல்சைமர் நோயில் ஆரம்பத்திலேயே அடிபடுவது அந்தப் பகுதிதான். உணர்ச்சி தங்குவதற்கு அதன் தயவு கட்டாயமில்லை.

இதை வீட்டில் பொருத்திப் பாருங்கள். இந்நோயில் பொதுவாக அண்மைக்கால நினைவுகள் முதலில் கழன்றுகொள்ளும். இளவயது நினைவுகள் வெகுநாள் நிற்கும். ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர் விடியலில் எழுந்து, தோட்டத்துக் காலை ஆள்கணக்கெடுப்பை நினைத்து “பெரட்டுக்கு நேரமாச்சு” என்பதும், சொந்த வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு “வீட்டுக்குப் போகணும்” என்பதும் அதனால்தான். “அப்பா எங்கே?” என்று கேட்கும்போது, “அவர் செத்து இருபது வருசம் ஆச்சும்மா” என்று திருத்தினால், அம்மாவுக்கு அது இன்று நடந்த சாவு. செய்தி பத்து நிமிடத்தில் மறந்துபோகும், துக்கம் அதற்குள் போகாது. பிறகு ஏன் சாப்பிட மறுக்கிறார் என்பது யாருக்கும் விளங்காமல் ‘பிடிவாதம்’ என்று பெயர் வைத்துவிடுவோம்.

அப்படியானால் பெற்ற தாயிடம் பொய் சொல்வதா என்று கேட்பவர்கள் உண்டு. பொய்க்கு அவசியமே இல்லை. “அப்பா ஞாபகம் வந்திடுச்சாம்மா? அவருக்கு உங்க சமையல்ல எது ரொம்பப் பிடிக்கும்?” என்று கேட்டால் போதும். அம்மா கேட்டது தகவலை அல்ல, துணையை.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது: உணர்ச்சி தங்குமென்றால் மகள் வேலையை விட்டுவிட்டு இருபத்து நான்கு மணி நேரமும் பக்கத்திலேயே இருக்கவேண்டுமா? நம் குடும்பங்கள் இந்தப் பாரத்தை மகள் தலையில் கட்டத் தயாராகக் காத்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கூடாது. தூக்கமில்லாத மகளின் எரிச்சலும் சிடுசிடுப்பும்கூட அம்மாவிடம் தங்கத்தான் செய்யும். பெட்டாலிங் ஜெயாவில் மலேசிய அல்சைமர் நோய் அறக்கட்டளை நடத்துவது போன்ற பகல் பராமரிப்பு நிலையத்தில் சில மணி நேரம் விடுவது தாயைக் கைகழுவுவது ஆகாது. திடீரென்று ஆத்திரமோ குழப்பமோ கூடினால் அதையும் ‘நோய் முத்திவிட்டது’ என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றோ வலியோ இருக்கலாம். அவரால் சொல்ல முடியாது. உடனே கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.

அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பெயர் அம்மாவுக்கு மறந்திருந்தாலும் சனிக்கிழமை போய் உட்காருங்கள், அக்கா அன்று ஒரு நாளாவது தூங்கட்டும்.