இரட்டை டாங்க்கும் மூன்று வால்வும்

இரட்டை டாங்க்கில் வால்வு மூன்று. வலது சிலிண்டரின் தலையில் ஒன்று, இடது சிலிண்டரின் தலையில் ஒன்று, இரண்டையும் இணைக்கும் குழாயின் நடுவில் ஒன்று. பக்கத்து வால்வை மூடினால் அந்தப் பக்கத்து ரெகுலேட்டருக்குப் போகும் காற்று மட்டுமே நிற்கும். அந்தச் சிலிண்டரில் இருக்கும் காற்று இணைப்புக் குழாய் வழியே மறுபக்கத்துக்குத் தொடர்ந்து வரும். நடு வால்வை மூடினால்தான் சிலிண்டர்கள் இரண்டாகப் பிரியும். புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இதுதான். இது தெளிவானால் மற்றவை தாமாகவே பிடிபடும்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து தியோமானுக்கோ பெர்ஹெந்தியானுக்கோ வார இறுதியில் போய்வரும் முக்குளிப்பாளருக்கு ஒற்றை டாங்க்கே தாராளம். குவாந்தானுக்கு அப்பால் 1941 டிசம்பர் 10-ல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ரிபல்ஸ், பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஆகிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் போன்ற ஆழமான இடங்களில்தான் இரட்டை டாங்க் தேவையாகிறது. அவ்விரு கப்பல்களோடும் மாண்டவர்கள் 840 பேர். இன்றும் அவை போர்க்கல்லறைகள். உள்ளே நுழைவதும் எதையும் தொட்டெடுப்பதும் கூடாது. ரிபல்ஸ் கிடக்கும் கடலடி சுமார் 55 மீட்டர்.

அந்த ஆழத்தில் அழுத்தம் 6.5 பார். மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் அங்கே 130 லிட்டர் செலவழிப்பார். 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் இரண்டில் 200 பார் நிரப்பினால் இருப்பு 4,440 லிட்டர். மேலே 3 மணி நேரத்துக்கும் அதிகமாக வரக்கூடிய காற்று, அடியில் 34 நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

திரும்பும் அளவை இங்கிருந்தே கணக்கிட வேண்டும். துணைவரின் காற்று அடியிலேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பதற்றத்தில் ஆளுக்கு நிமிடம் 30 லிட்டர், இருவருக்கும் 60. நிலைமையைச் சமாளிக்க அடியில் 2 நிமிடம்: 780 லிட்டர். 50 விழுக்காடு ஆக்சிஜன் கலவைக்கு மாறும் 21 மீட்டர் வரை ஏற 4 நிமிடம், சராசரி அழுத்தம் 4.8 பார்: ஏறத்தாழ 1,150 லிட்டர். கூட்டினால் 1,930, மானியில் 87 பார். முழு எண்ணாக 90 என்று வைத்து, அதைத் தொட்டதும் ஏறத் தொடங்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைக்கும், குகை முக்குளிப்பிலிருந்து வந்த விதியைப் பலர் யோசிக்காமல் எங்கும் பயன்படுத்துகிறார்கள். 200-ல் மூன்றில் ஒன்று 67 பார்தான். அந்த மிச்சத்தோடு மேலேறும் கயிற்றின் அடிக்கு வந்து சேரும் இருவர், இந்த ஆழத்திலிருந்து ஒரே டாங்க்கில் ஏறினால் பாதி வழியில் காற்று தீரும். விதியைவிடக் கணக்கை நம்புவதே நல்லது.

கணக்கு சரியாக இருந்தாலும் மானி பொய் சொல்லலாம். அழுத்தமானி இடது பக்கத்தில் இருப்பதும், முதன்மை ரெகுலேட்டரும் மிதவைப் பைக்கான குழாயும் வலது பக்கத்தில் இருப்பதும் வழக்கம். நடு வால்வு மூடியிருந்தால் மூச்சு வலது சிலிண்டரிலிருந்து போகும். இடது மானியின் முள் அசையாது. சில நிமிடங்கள் கடந்தும் முள் இறங்கவில்லை என்றால் மகிழ வேண்டாம், கையைப் பின்னால் கொண்டுபோய் நடு வால்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும். நிரப்பும்போதும் இதே ஆபத்து உண்டு. நடு வால்வு மூடிய நிலையில் ஆக்சிஜன் ஏற்றினால் இரு சிலிண்டரிலும் இரு வேறு கலவைகள் சேரும். ஒரு பக்கம் மட்டும் சோதித்தால் அது தெரியவே வராது. ஆழத்தில் அளவு மீறிய ஆக்சிஜன் வலிப்பைக் கொண்டுவரும். ஆகவே நிரப்பும் இடத்திலேயே நடு வால்வைத் திருகிப் பார்ப்பதும், இரு பக்கமும் கலவையை அளப்பதும் முக்குளிப்பவரின் வேலை. அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடக் கூடாது.

வால்வைத் திறந்தால் முழுவதும் திறக்க வேண்டும். திறந்தபின் கால் சுற்று பின்னால் திருப்பும் பழைய பழக்கம் குழப்பத்தையே தந்தது. மூடியிருந்த வால்வைக் கால் சுற்று மட்டும் திறந்தவருக்கு மேற்பரப்பில் காற்று தாராளமாக வரும், ஆழத்தில் மூச்சுத் திணறும். மானி உள்ள இடப்பக்கத்து ரெகுலேட்டரில், மானியைப் பார்த்தபடி வேகமாகச் சில முறை இழுத்துப் பார்க்கலாம்; முள் இறங்கி ஏறினால் அந்தப் பக்கத்து வால்வு பாதிதான் திறந்திருக்கிறது.

குகை போன்ற கூரையின் கீழே முன்னோக்கி நீந்தும்போது வால்வுகள் மேலே உரசினால் இடது வால்வு மூடிக்கொள்ளும், வலது திறக்கும். முதன்மை ரெகுலேட்டரை வலப்பக்கம் வைப்பதன் காரணம் இது. எங்கேனும் உரசினால் உடனே இடது வால்வைச் சரிபார்ப்பது பழக்கமாக வேண்டும்.

தலைக்குப் பின்னால் குமிழிகள் சீறினால் எந்த வால்வை முதலில் மூடுவது? பயிற்சி நிறுவனங்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. சிலர் நடு வால்வு என்பார்கள், சிலர் சந்தேகப்படும் பக்கம் என்பார்கள். எதைக் கற்றாலும் துணைவரும் அதையே கற்றிருப்பதுதான் முக்கியம். வலது வால்வை மூட வேண்டியிருந்தால், முதலில் கழுத்தில் தொங்கும் மாற்று ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். சீறல் நின்றால் நடு வால்வைத் திறந்தே விடலாம். இரு சிலிண்டரின் காற்றும் இடப்பக்கமாகக் கிடைக்கும். மிதவைப் பையை மட்டும் வாயால் ஊத வேண்டியிருக்கும். கசிவு ரெகுலேட்டரில் இல்லாமல் இணைப்புக் குழாயிலோ சிலிண்டரின் கழுத்திலோ இருந்தால் பக்கத்து வால்வுகளை மூடிப் பயனில்லை. அப்போது நடு வால்வை மூடினால் பாதிக் காற்றாவது தப்பும்.

கை எட்டாதவருக்கு இதெல்லாம் ஏட்டுச்சுரைக்காய். எட்டாததற்குத் தோளைக் குறை சொல்வதற்கு முன், டாங்க் மிகக் கீழே கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்குக் கடற்கரை மழைக்காலத்தில் அடங்கிக் கிடக்கும். கோலாலம்பூர் நீச்சல் குளங்களில் வால்வுப் பயிற்சிக்கு ஏற்ற காலம் அது.

எஃகு இரட்டை டாங்க் வெப்பக் கடலில் மெல்லிய உடையோடு பொருந்தாது. மிதவைப் பை கிழிந்தால் அந்தப் பாரத்தோடு நீந்தி மேலே வருவது கடினம். அலுமினியமே மேல். காற்று செலவாகச் செலவாக அதன் எடை 5 கிலோவரை குறையும் என்பதால், கடைசி நிறுத்தத்தில் மிதந்துவிடாத அளவுக்கு ஈயம் சேர்க்க வேண்டும். நிரப்பியவுடன் சூடாக இருக்கும் சிலிண்டரின் 200 பார், ஆறியபின் 185-க்கு இறங்கலாம். ஏறும் அளவு மாறாது; அடியில் இருக்கக்கூடிய நேரத்தைத்தான் கடலில் இறங்கும் முன் காட்டும் எண்ணைக் கொண்டு மறுபடி கணக்கிட வேண்டும். கடைக்குத் திருப்பிக் கொடுக்கும்போது சிலிண்டரில் சிறிது அழுத்தம் மிச்சமிருக்கட்டும், ஈரம் உள்ளே போகாது.