மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக் ஏடு

தாம்பரத்துக்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடுகிறது. ரயிலுக்கு மேலே செல்லும் கம்பி தாமிரத்தால் ஆனது. அது மின்சாரத்தைக் கடத்தும். வீட்டு மின்கம்பியின் மேலுறை பிளாஸ்டிக். அது மின்சாரத்தைத் தடுக்கும். கடத்தும் பிளாஸ்டிக் என்று ஒன்று இருக்க முடியுமா? முடியும்.

பிளாஸ்டிக் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. பாலிஎத்திலீனில் கார்பன் அணுக்களை ஒற்றைப் பிணைப்புகளே இணைக்கின்றன; எலெக்ட்ரான்கள் அவற்றில் கட்டுண்டு கிடக்கின்றன. பாலிஅசெட்டிலீனிலோ ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வருகின்றன. இரட்டைப் பிணைப்பின் இரண்டாம் சோடி எலெக்ட்ரான்கள் சங்கிலி நெடுகப் பரவி நிற்கின்றன.

ஆனால் இது மட்டும் போதாது. பெஞ்சு நிறைய மாணவர்கள் நெருக்கி அமர்ந்திருந்தால் யாரும் நகர முடியாது. ஒருவர் எழுந்து சென்றால் அடுத்தவர் நகர்வார், காலியிடமும் நகரும். அயோடின் செய்வது இதுவே. அது சங்கிலியிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்துக் காலியிடம் உண்டாக்குகிறது. ஷிராகாவா, மக்டியார்மிட், ஹீகர் ஆகியோர் இம்முறையில் பாலிஅசெட்டிலீன் ஏட்டின் கடத்துதிறனை ஒரு கோடி மடங்கு பெருக்கி, 1977இல் வெளியிட்டனர். 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது.

இனி ஒரு கணக்கு. மின்தடை = மின்தடை எண் × நீளம் ÷ (அகலம் × தடிமன்). சதுர ஏட்டில் நீளமும் அகலமும் சமம்; எனவே மின்தடை = மின்தடை எண் ÷ தடிமன். ஏட்டின் மின்தடை எண் 0.01 ஓம் செ.மீ., தடிமன் 0.00001 செ.மீ. எனக் கொள்வோம். விடை 1,000 ஓம். சதுரம் தபால்தலை அளவானாலும் நோட்டுப் புத்தக அளவானாலும் விடை ஒன்றே!

தாமிரத்தின் மின்தடை எண் இதில் சுமார் 6,000இல் ஒரு பங்குதான். ஆகவே ரயில் கம்பிக்குத் தாமிரமே ஏற்றது. வளைய வேண்டிய, மெல்லியதாகப் பூச வேண்டிய இடங்களில்தான் இந்த ஏடு பயன்படும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தரமணியிலும் ஒரு பிரிவு உண்டு. இரும்பைத் துருவிலிருந்து காக்கப் பாலிஅனிலீன் என்னும் கடத்தும் பாலிமரைப் பூச்சில் சேர்க்கும் ஆய்வுகள் அந்நிறுவனத்தில் நடந்துள்ளன. உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் வாழும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

சிந்தியுங்கள்: மேற்சொன்ன ஏட்டை 5 செ.மீ. நீளமும் 1 செ.மீ. அகலமும் உள்ள நாடாவாக வெட்டினால், இரு முனைகளுக்கிடையே மின்தடை எவ்வளவு? எத்தனை சதுரங்கள் தொடராக நிற்கின்றன என்று எண்ணுங்கள். விடை தானே வரும்.